ஏழாவது எண்

இரவு ஒன்று இருபது. பாலைவன நெடுஞ்சாலை. அம்மானிலிருந்து தெற்கே போகிற அந்தச் சாலையில் பகலிலேயே லாரிகளைத் தவிர வேறு துணை கிடையாது... அன்றைக்கு லாரியும் இல்லை. காற்று மட்டும். கார்க் கண்ணாடியில் மணல் வந்து மோதுகிற சத்தம், தட்டில் சீனியைக் கொட்டுகிற மாதிரி... ஸ்ஸ்ஸ்... ஸ்ஸ்ஸ்.

காரை ஓட்டியவன் சுஹைப். நம் மூன்றாம் மாடி ருவைதாவின் தம்பி. ஆமாம், அவனேதான்... படியில் எதிரே வந்தால் ஸலாம் சொல்லத் தோதில்லாமல் கைபேசியைக் காதில் வைத்துக்கொள்வானே, அவன். இதை ருவைதா தன் வாயால் என்னிடம் சொன்னாள். யாரிடமும் சொல்லாதே என்றும் சொன்னாள். உங்களிடம்தானே சொல்கிறேன். உம்மு கைஸ், அந்தக் கம்பளியை இந்தப் பக்கமும் கொஞ்சம் இழு. ஹீட்டரில் காஸ் இருக்கிற வரைக்கும்தான் கதை. கரண்ட் இப்போதைக்கு வராது.

சுஹைப்புக்கு ஒரு சிறுநீரக மருத்துவமனையில் வேலை. பெயர் வேண்டாம், இந்தக் கட்டடத்திலேயே இரண்டு வீட்டுக்காரர்கள் அங்கேதான் போகிறார்கள். நோயாளியின் எடை, இரத்தம், மருந்து எல்லாம் கணினியில் அட்டவணை அட்டவணையாக இருக்கிறது பாருங்கள், அந்தத் தரவுத்தளத்தைக் கட்டிக் காப்பது இவன் பொறுப்பு. அன்றிரவு பழைய சர்வரை நிறுத்திவிட்டுப் புதியதற்கு மாற வேண்டும். விடிகாலை ஐந்தரைக்கு முதல் ஷிஃப்ட் நோயாளிகள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அதற்குள் புதியதும் பழையதும் ஒரே அச்சாக இருந்தாக வேண்டும்.

அந்த முதல் ஷிஃப்டில் நாலாம் நாற்காலி ருவைதாவுடையது.

இரத்தத்தைச் சுத்தம் செய்யும்போது குழாயில் உறையாமலிருக்க எல்லோருக்கும் ஹெபாரின் என்று ஒரு மருந்து ஏற்றுவார்கள். ருவைதாவுக்கு அது ஆகாது. இரண்டு வருஷத்துக்கு முன் தெரியாமல் ஏற்றி, கஃபன் துணி போர்த்துகிற வரைக்கும் கொண்டுபோய்த்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதிலிருந்து அவள் பெயருக்கு யாராவது அந்த மருந்தை எழுதினால் போதும், கணினி மறுத்துவிடும். கூடத்து மூலையிலிருக்கும் சின்ன பிரிண்டர் ஒரு சிவப்புச் சீட்டைத் துப்பும். ‘நாற்காலி 4. ஏற்றாதே.’ நர்ஸ்கள் மாறுவார்கள்... சீட்டு மாறாது. ருவைதாவின் உயிர் அந்தச் சீட்டில்தான் இருந்தது.

சீட்டு எங்கிருந்து வருகிறது என்று அவள் கேட்டதில்லை. தரவுத்தளத்தையே கையில் வைத்திருக்கும் தம்பியும் கேட்டதில்லை. அவ்வளவு அக்கறை.

தெரிந்தவர் ஒரே ஒருவர். அபூ ஷாதி. சுஹைப்புக்கு முன் அதே வேலையில் இருபது வருஷம் இருந்தவர், இவனுக்கு வேலை கற்றுக்கொடுத்தவர். எந்நேரமும் ஏலக்காய் மெல்லும் வாய். மூன்று மாதத்துக்கு முன் இதே சாலையில், மருத்துவமனைக்குத் திரும்புகிற வளைவில், விளக்கில்லாமல் நின்றிருந்த லாரியின் பின்னால் போய் மோதினார். போலீஸ் அறிக்கையில் நேரம் போட்டிருந்தது... இரவு ஒன்று இருபது.

சுஹைப் அந்த வளைவுக்கு வந்தான். ஓரத்தில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. அபாய விளக்கு இரண்டும்... டிக்... டிக்... டிக்... என்று அணைந்து எரிந்தன. யாரோ வண்டி பழுதாகி நிற்கிறார்கள் என்று வேகத்தைக் குறைத்தான். உள்ளே ஆள் இல்லை. கடந்து போய்க் கண்ணாடியில் பார்த்தான். வெறும் இருட்டு. விளக்கும் இல்லை, காரும் இல்லை.

ஆனால் அந்த டிக்... டிக்... மட்டும் இன்னும் கேட்டது. குனிந்து பார்த்தான். அவனுடைய சொந்தக் காரின் அபாய விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவன் போடவில்லை.

*

மருத்துவமனை வாசலில் காவல்காரர் ஷஹாத்தா. எகிப்தியர். தகர டப்பாவில் விறகு எரித்து அதன் மேல் தேநீர்ச் சட்டி வைத்திருந்தார்.

“வாங்க பாஷா. முகம் ஏன் வெளுத்துப் போயிருக்கு? பொண்ணு பாக்கப் போய்த் திரும்பி வந்த மாதிரி...”

“குளிர், மாமா.”

“குளிருக்கு மூக்குதான் செவக்கும். சரி சரி, டீயக் குடிச்சிட்டுப் போங்க. அபூ ஷாதி இருந்தா ரெண்டு கிளாஸ் குடிப்பாரு. வேலையையும் ரெண்டு தடவ பாப்பாரு.”

“என்ன ரெண்டு தடவை?”

“எனக்கென்ன தெரியும்? மொதல்ல அந்த வெலை கொடுத்து வாங்குனதுல பாப்பாரு. அப்புறம் பொட்டியோட வந்ததுல பாப்பாரு. கடைசில பட்டன அமுக்கறதுக்கு முன்னாடி உள்ளேருந்து என்னையக் கூப்புட்டுக் கேப்பாரு, ‘ஷஹாத்தா, பழசு எந்தக் கையில?’ன்னு. நான் இங்கேருந்தே கத்துவேன், ‘எடது கை, பாஷா!’ அதக் கேட்டாத்தான் அமுக்குவாரு.”

“உங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியாதே மாமா?”

“தெரியாததுனாலதான் என்னையக் கேக்கறாராம். தெரிஞ்சவனுக்கு எடது வலது மறந்துபோகுமாம்.”

சுஹைப் சிரித்தான். கிழவர்கள் சடங்கு என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனான்.

ஒப்பிடுகிற வேலை என்பது வேறொன்றுமில்லை... நாம் மாடிப்படியில் உட்கார்ந்து இரண்டு மருமகள்களை ஒப்பிடுவோமே, அதேதான். இங்கே இரண்டு தரவுத்தளங்கள். எந்த அட்டவணை, எந்தப் பத்தி, எந்த விதி இதில் இருக்கிறது, அதில் இல்லை என்று பார்க்க வேண்டும். அதற்கு இரண்டு வகைக் கருவி. ஒன்று, தரவுத்தளத்தோடு பெட்டியிலேயே வருவது. மெதுவாக ஊரும், பார்க்க அழகிருக்காது, ஒன்று விடாமல் எல்லாவற்றையும் கொட்டும். மற்றொன்று வெளியாள் செய்து விற்பது. வண்ணத் திரை, அரபு மொழி முகம், இரண்டு நிமிஷத்தில் பதில். எதையெல்லாம் கண்டுகொள்ள வேண்டாம் என்று கட்டம் கட்டமாக டிக் போட்டுக்கொள்ளவும் அதில் வசதி உண்டு.

அபூ ஷாதி பெட்டிக் கருவியின் கட்சி. “காசு கொடுத்து வாங்குனது உன்னையச் சந்தோஷப்படுத்தப் பாக்கும்டா,” என்பார். “பொட்டியோட வந்ததுக்கு உன் மூஞ்சியப் பத்திக் கவலையே கெடையாது. அதையும் ஒரு வார்த்தை கேளு.”

சுஹைப் யார் கட்சி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வாரக்கணக்காகத் திரையில் சிவப்பு வரிகள் வந்து தலைவலி கொடுத்ததால் ஒவ்வொன்றாக டிக் போட்டு வைத்திருந்தான்... குறிப்புகளைக் கண்டுகொள்ளாதே, அனுமதிகளைக் கண்டுகொள்ளாதே, தானாக எழும் விதிகளைக் கண்டுகொள்ளாதே. அந்தக் கடைசி டிக்கில்தான் அக்காவின் உயிர் இருந்தது. அவனுக்கு அது அப்போது தெரியாது.

*

சர்வர் அறை, சிகிச்சைக் கூடத்தின் கோடியில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால். கூடம் இருட்டு. வரிசையாக நாற்காலிகள், ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஓர் இயந்திரம். இயந்திரங்களைக் கழுவின வினிகர் வாடை மூக்கைக் குத்தியது.

வெளியாள் கருவியை ஓட்டினான். இரண்டே நிமிஷம். திரை பச்சையாயிற்று. ‘வேறுபாடு இல்லை.’

அவ்வளவுதான். மணி இரண்டேகால். எல்லாம் முடித்து மூன்றரைக்கு வீட்டில் இருக்கலாம். பழைய சர்வரை நிறுத்தினான். விசிறி ஓய்ந்து... ஓய்ந்து... நின்றது. நெட்வொர்க் கம்பிகளையும் பிடுங்கி மேசை மேல் வைத்தான். கோட்டைப் போட்டுக்கொண்டான்.

கிர்ர்ர்ர்க்.

கூடத்தில்.

அசையாமல் நின்றான்.

கிர்ர்ர்ர்க். டக்.

டக் என்றது சீட்டை வெட்டுகிற கத்தி. அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும். கைபேசி வெளிச்சத்தில் கூடத்துக்குள் நடந்தான். மூலையில் அந்தச் சின்ன பிரிண்டர். வாயில் ஒரு சிவப்புச் சீட்டு தொங்கியது, சூடு ஆறாமல்.

‘நாற்காலி 4. ஏற்றாதே.’

கூடத்தில் ஆள் இல்லை. மருந்து எழுதின நர்ஸ் இல்லை. பிரிண்டரின் கம்பியைக் கையில் பிடித்தபடியே போனான்... சுவரோரமாக, கதவுக்கு அடியில், சர்வர் அறைக்குள், மேசை மேல். அவன் பிடுங்கி வைத்த கம்பிகளில் ஒன்று அது. அதன் நுனி காற்றில் கிடந்தது.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இந்தச் சீட்டை அனுப்புவது எது? மருத்துவமனை மென்பொருளில் அப்படி ஒரு வசதி இல்லை. அவன் புதிய தரவுத்தளத்தைக் கட்டின கோப்புகளிலும் இல்லை. அப்படியானால் பழைய சர்வருக்குள், எந்தக் கோப்பிலும் ஏறாமல், யாரோ கையால் எழுதி வைத்த ஒன்று. புதியதில் அது இல்லை. ஐந்தரைக்கு அக்கா உட்காருவாள். நர்ஸ் மருந்தை எழுதுவாள். கணினி மறுக்காது. சீட்டு வராது.

வினிகர் வாடைக்கு நடுவே வேறொரு வாசனை வந்தது. இதமாக... யாரோ பக்கத்தில் வாயைத் திறந்த மாதிரி. ஏலக்காய்.

*

கம்பிகளைச் செருகி, பழையதை மறுபடி எழுப்பினான். மூன்று மணி. பெட்டியோடு வந்த கருவியைத் திறந்தான். ஒரு வருஷமாகத் தொடாதது. இரண்டு கட்டம் காட்டியது, எது மூலம், எது நகல் என்று கேட்டது. நிரப்பினான். ஓட விட்டான்.

ஊர்ந்தது. நூறு அட்டவணை... நூற்றைம்பது... அவன் திரும்பிக் கூடத்தைப் பார்க்கவே இல்லை. கண்ணாடிக் கதவில் தன் நிழல் தெரிந்தது. தன் நாற்காலிக்குப் பின்னால் இன்னொன்று தெரிகிறதா என்று பார்க்கத் தைரியமில்லை. நாலு மணிக்கு முடிந்தது.

வேறுபாடு: ஒன்று.

ஒரு விதி. மருந்து எழுதப்படும்போது தானாக எழுந்து தடுக்கிற விதி. பெயரிலேயே அபூ ஷாதியின் முத்திரை இருந்தது. இரண்டையும் ஒன்றாக்குகிற கட்டளையையும் கருவியே எழுதிக் கொடுத்திருந்தது, ஒரே வரி. அப்பாடா என்று மூச்சு வந்தது. அதைப் படித்துப் பார்க்கக்கூட அவனுக்குப் பொறுமை இல்லை. மணி ஓடுகிறது... விரலைக் கொண்டுபோய்ப் பட்டன் மேல் வைத்தான்.

“எடது கை, பாஷா!”

ஷஹாத்தாவின் குரல். வாசல் பக்கமிருந்து, காற்றோடு.

விரல் நின்றது. திரையைப் பார்த்தான். இடது கட்டத்தில் இருந்தது புதியது. பழையது வலது கட்டத்தில்.

அவன் பழகின வெளியாள் கருவிக்கு அரபு முகம். நாம் எழுதுகிற மாதிரி மூலம் வலது பக்கம், நகல் இடது பக்கம். பெட்டிக் கருவிக்கு ஆங்கில முகம், மூலம் இடது. கை பழக்கத்தில் மாற்றிப் போட்டுவிட்டான். இப்போது அந்த ஒற்றை வரியைப் படித்தான்... ‘விதியை நீக்கு.’ புதியதில் இல்லாததைப் பழையதிலிருந்தும் அழித்துவிடச் சொல்கிற கட்டளை. அமுக்கியிருந்தால் அந்த விதி உலகத்திலேயே இருந்திருக்காது. எழுதினவர் மண்ணுக்குள். அவர் மகன் ஷாதிக்கு வயது ஒன்பது, அவனிடமா போய்க் கேட்பது?

கட்டங்களை மாற்றினான். மறுபடி ஓட விட்டான். மறுபடி அந்த ஊர்தல். ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது முடிந்தது. இப்போது கட்டளை நீளமாக வந்தது. ‘விதியை உருவாக்கு.’ அதன் வயிற்றுக்குள் எண்கள். அவசரத்தில் எழுதினவர் ஹெபாரின் ஆகாதவர்களின் எண்களை விதிக்குள்ளேயே அடித்து வைத்திருந்தார். அந்த மருத்துவமனையில் கோப்பு எண்ணும் தேசிய அடையாள எண்ணும் ஒன்றுதான், பத்து இலக்கம்.

முதலாவது ருவைதாவின் எண். அப்புறம் இன்னும் ஐந்து பேர். ஆறு.

ஆறுக்குக் கீழே ஒன்று.

ஏழாவது எண்ணை அவன் தேடிப் பார்க்கத் தேவையில்லை. நம் எல்லோருக்கும் நம்முடையது மனப்பாடம்தானே.

அவனுடைய எண்.

அவன் நோயாளி இல்லை. அந்த மருத்துவமனையில் அவனுக்குக் கோப்பே கிடையாது. விதி கடைசியாகத் திருத்தப்பட்ட தேதியைப் பார்த்தான். அபூ ஷாதி இறந்த அதே தேதி. நேரம், இரவு இரண்டு பத்து.

மோதினது ஒன்று இருபதுக்கு.

சுஹைப் தேதியை ஒரு முறை, எண்ணை ஒரு முறை சரிபார்த்தானாம். பிறகு கர்சரைக் கொண்டுபோய் அந்த ஒரு வரியை மட்டும் அழித்தான். ஆறு எண்ணோடு பட்டனை அமுக்கினான். முடிந்தது என்றது திரை.

*

வெளியே வந்தான். கிழக்கில் சாம்பல் நிறம். ஷஹாத்தா பல்லுக் குச்சியோடு நின்றார். சுஹைப் போய் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

“மாமா, நீங்க மட்டும் அந்த நேரத்துல கத்தலன்னா...”

“கேட்டீங்க, சொன்னேன். இதுக்குப் போய் அழுவாங்களா?”

“யார் கேட்டா?”

“நல்லா இருக்கே! நீங்கதான. ‘ஷஹாத்தா, பழசு எந்தக் கையில?’ன்னு கட்டடமே அதிர... அச்சு அசல் அபூ ஷாதி மாதிரி. நான்கூட நெனச்சேன், பையன் ஒரு வழியாத் தொழில் கத்துக்கிட்டான்னு.”

தான் வாயே திறக்கவில்லை என்பதை சுஹைப் அவரிடம் சொல்லவில்லை. பாவம், அவர் அங்கேயே இரவெல்லாம் தனியாக உட்கார வேண்டியவர்.

ஐந்தரைக்கு ருவைதா வந்தாள். நாலாம் நாற்காலி. புது நர்ஸ், இர்பித் ஊர்ப் பெண், மருந்தை எழுதினாள். கணினி மறுத்தது. கிர்ர்ர்க்... டக். சிவப்புச் சீட்டு. கதவோரத்தில் நின்ற சுஹைப் சீட்டை எட்டிப் பார்த்து இரண்டு தடவை படித்தான். அன்றைக்கு அவளைக் காரில் வீட்டுக்கு அழைத்து வரும்போதுதான் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான். எண்ணை அழித்ததை மட்டும் கடைசியில், குரலைத் தாழ்த்தி.

“ஏன்டா அழிச்ச? அவர் எழுதினா காரணம் இருக்கும்,” என்றாளாம் இவள்.

“எனக்கு என்ன வியாதி? கல்லு மாதிரி இருக்கேன். செத்தவரு எழுதினத வெச்சிட்டு நான் தூங்கவா?”

ஒரு வாரம் கழித்து, அன்று ஆறு எண்ணோடு எடுத்து வைத்த நகலோடு புதியதைப் பெட்டிக் கருவியில் ஒப்பிட்டிருக்கிறான். இப்போதெல்லாம் அதில்தான் பார்க்கிறான், அவ்வளவு புத்தி வந்திருக்கிறது. வேறுபாடு: ஒன்று. விதிக்குள் ஏழு எண்கள். அழித்தான். அடுத்த வாரம் மறுபடி ஏழு. அழித்தான். பழைய சர்வரைக் கழற்றி எடைக்குப் போட்டு ஒரு மாதமாகிறது. இன்னும் ஒவ்வொரு வியாழனும் ஏழு. ஒவ்வொரு வியாழனும் இவன் உட்கார்ந்து அழிக்கிறான்.

இவ்வளவும் ருவைதா சொன்னது. இனி நான் பார்த்தது.

அடுத்த வீட்டு வாசலை எட்டிப் பார்க்கிற பழக்கம் எனக்கு இல்லை, உங்களுக்கே தெரியும். ஆனால் படியில் காலணி கிடந்தால் கண்ணில் படத்தானே செய்யும்? சுஹைப்பின் பூட்ஸ் பத்து நாளாக வாசலில் அப்படியே கிடக்கிறது. இந்தப் பனியில் அவன் செருப்பில் வேலைக்குப் போகிறான். அவன் அப்பாவின் பழைய செருப்பு... அதிலும் வார் கடைசி ஓட்டையில். கேட்டேன். “புது பூட்ஸ் கடிக்குது, சித்தி,” என்றான். அந்த பூட்ஸ் மூன்று வருஷப் பழசு.

நேற்று சாயங்காலம் பால் வாங்கிக்கொண்டு மேலே ஏறுகிறேன். அவர்கள் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. சுஹைப் சோபாவில் உட்கார்ந்திருந்தான். ருவைதா அவன் முன்னால் தரையில். அவன் காலுறையை உருவினாள். கணுக்காலில் கட்டை விரலை வைத்து அழுத்தினாள்... அவளுக்குச் சிறுநீரகம் கெட்டபோது கால் வீக்கத்தை டாக்டர் முதன்முதலில் அழுத்திப் பார்த்தாரே, அதே இடத்தில்.

விரலை எடுத்தாள்.

நான் நின்று எண்ணினேன். பத்து வரைக்கும்.

குழி அப்படியே இருந்தது.